மனிதநேயம்னா பாவம் பாக்குறதா? ஒரு ரிட்டயர்டு வாத்தியாரோட பதில்

பி.எட் படிக்கிற தம்பி ஒருத்தர் கேட்டிருக்காப்ல. "கல்வியிலும் சமூகத்திலும் மனிதநேயத்தின் பங்கு"ன்னு சிலபஸ்ல ஒரு தலைப்பு இருக்காம், கைடைத் தொறந்தா அன்பு, கருணை, இரக்கம், சகிப்புத்தன்மைன்னு மளிகைச் சிட்டை மாதிரி வரிசையா போட்டுருக்காம், "இதுல படிக்கிறதுக்கு என்ன சார் இருக்கு, நல்ல மனசு இருந்தா பத்தாதா"ன்னு முடிச்சிருக்காரு.

பத்தாது தம்பி. கொஞ்சம் நீளமாத்தான் சொல்லப்போறேன், ஒரு டீயை வாங்கி வச்சுக்கிட்டு படி.

நான் 31 வருசம் கவர்மெண்ட் ஸ்கூல்ல ஹிஸ்டரி எடுத்தவன், பாதி சர்வீஸ் உசிலம்பட்டி பக்கம், மீதி மேலூர் பக்கம். நல்ல மனசுக்காரன்னு பேரு வாங்குனவன்தான், பசங்களுக்கு நோட்டு வாங்கிக் குடுத்திருக்கேன், பீஸ் கட்டியிருக்கேன், பஸ்சுக்குக் காசு குடுத்திருக்கேன். அப்படிப்பட்ட நான் வருசா வருசம் ஜூன் மாசம் ஒரு காரியம் பண்ணுவேன். ஸ்காலர்ஷிப் ஃபார்ம் வரும், அதைக் கையில பிடிச்சுக்கிட்டு கிளாசுக்குள்ள போயி "எஸ்சி பசங்க எல்லாம் எந்திரிங்கடா, யாரு யாரு சர்டிபிகேட் ஜெராக்ஸ் இன்னும் தரல"ன்னு சத்தமா கேப்பேன். எல்லாரும் அப்படித்தான் கேப்பாய்ங்க, எனக்கு வாத்தியாரா இருந்தவரும் அப்படித்தான் கேட்டாரு. ஒரு வருசம் எட்டாப்பு பையன் ஒருத்தன் எந்திரிக்கல. எனக்கு அவன் எஸ்சின்னு ரிஜிஸ்டர்ல தெரியும், "ஏன்டா உனக்குப் பணம் வருதுடா, வேணாமா, கொழுப்பா"ன்னு வேற வைஞ்சேன், கிளாஸே திரும்பி அவனைப் பாத்துச்சு. மறுநாள் அவன் வரல, அதுக்கடுத்த ரெண்டு நாளும் வரல. ஸ்டாஃப் ரூம்ல இதை நான் குறையாத்தான் சொன்னேன், அங்க இருந்த தமிழம்மா ஒருத்தவங்க டிபன் பாக்ஸை மூடிக்கிட்டே சொன்னாங்க, "அவனுக்குப் பணம் வேணும் சார், எந்திரிக்கத்தான் இஷ்டமில்ல."

எனக்கு மண்டையில அடிச்ச மாதிரி இருந்துச்சு. கவர்மெண்ட்டு திட்டம் நல்ல திட்டம், பணம் நிஜமாவே வருது, என் மனசும் நல்ல மனசு, எல்லாம் இருந்தும் ஒரு பதிமூணு வயசுப் பையனை நாப்பது பேருக்கு நடுவுல நிக்க வச்சு என்ன சாதின்னு காட்டிக்குடுத்துட்டேன். இரக்கத்துக்கும் மனிதநேயத்துக்கும் நடுவுல இருக்குற இடைவெளி இதுதான்னு எனக்கு அன்னைக்குத்தான் புரிஞ்சுச்சு. இரக்கம் குடுக்குறவனோட மனசைப் பத்தினது. மனிதநேயம் வாங்குறவன் தலை நிமிந்து வாங்குற மாதிரி ஏற்பாடு இருக்கான்னு பாக்குறது. ஏற்பாடுங்கிற வார்த்தையை அடிக்கோடு போட்டுக்க, இந்தப் பதில் முழுக்க அதைத்தான் சுத்திச் சுத்தி வரப்போறேன்.

உன் கைடுல வர்ற மனிதநேயத்தோட வரலாறை வேகமா சொல்லிர்றேன். ஐரோப்பால 14, 15ம் நூற்றாண்டுல இத்தாலிப் பக்கம் கிளம்புன படிப்பு முறை அது, இலக்கணம், பேச்சுக்கலை, கவிதை, வரலாறு, அறவியல் இந்த அஞ்சையும் படிச்சா மனுசன் முழு மனுசனாவான்னு நம்புனாய்ங்க. அதுல எனக்குப் பிடிச்ச ஆளு விட்டோரினோ டா ஃபெல்ட்ரேன்னு ஒரு வாத்தியாரு. 1423ல மாந்துவா ஊர் ராசா தன் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்குடுக்கக் கூப்பிட்டாரு, இவரு அந்த ராசா வீட்டுப் பிள்ளைகளோட ஏழைப் பிள்ளைகளையும் காசு வாங்காம சேத்து உக்கார வச்சுப் படிக்க வச்சாரு. பள்ளிக்கூடத்துக்கு சந்தோச வீடுங்கிற அர்த்தத்துல பேரு. அப்பறம் 20ம் நூற்றாண்டுல பிரேசில்ல பாவ்லோ ஃப்ரெய்ரேன்னு ஒரு கல்வியாளர். அந்த நாட்டுல அப்ப எழுதப் படிக்கத் தெரியாதவனுக்கு ஓட்டு கிடையாது. அவரு 1963ல ஆங்கிகோஸ்ங்கிற ஊர்ல 300 கூலி ஆளுகளுக்கு நாப்பது மணி நேரப் பாடத்துல எழுத்துச் சொல்லிக்குடுத்தாரு, அவுக வேலையில புழங்குற வார்த்தைகளை வச்சே சொல்லிக்குடுத்தாரு. மறுவருசம் ராணுவ ஆட்சி வந்தது, அவரைத் தூக்கி ஜெயில்ல போட்டாய்ங்க. அன்பு கருணைன்னு மட்டும் பேசுனா எவன் ஜெயில்ல போடுவான் சொல்லு.

நம்ம நாட்டுக் கதையில முக்கியமான ஒண்ணு, இதைப் பாதி வாத்தியாருகளே படிச்சிருக்க மாட்டாங்க. மனிதநேயம் நம்ம அரசியல் சாசனத்துல இருக்கு. 1976ல 42வது திருத்தத்துல அடிப்படைக் கடமைகள்னு 51ஏ சேத்தாங்கல்ல, அதுல வர்ற ஒரு கடமை அறிவியல் மனப்பான்மை, மனிதநேயம், ஆராய்ஞ்சு கேக்குற புத்தி, சீர்திருத்தம் இதுகளை வளக்கணும்னு சொல்லுது. எமர்ஜென்சி நேரத்துல வந்த திருத்தம், அதுல மத்த விசயங்கள்ல எனக்கு எம்புட்டோ கோவம் உண்டு, அது வேற கதை. இங்க நீ கவனிக்க வேண்டியது மனிதநேயத்தை யாரு பக்கத்துல உக்கார வச்சிருக்காங்கங்கிறதை. தானம், தருமம், கருணை பக்கத்துல இல்ல. கேள்வி கேக்குறது பக்கத்துல, சீர்திருத்தம் பக்கத்துல உக்கார வச்சிருக்கு. கைடு போட்டவருக்கு இது கண்ணுல படல.

சரி நம்ம ஊருக்கு வருவோம். மணிமேகலைல ஆபுத்திரன் கதை நடக்குறது மதுரைலதான் தெரியுமா? பிறப்பைச் சொல்லி ஊரை விட்டு விரட்டப்பட்டவன், இங்க வந்து சிந்தாதேவி கோயில் வாசல்ல தங்குறான். பிச்சை எடுத்துட்டு வந்து கண்ணு தெரியாதவங்க, காது கேக்காதவங்க, கால் முடியாதவங்க, கவனிக்க ஆள் இல்லாதவங்க எல்லாரும் வாங்கன்னு கூப்பிட்டுச் சாப்பிட வச்சுட்டு மிச்சத்தைத் தான் சாப்பிட்டுப் படுப்பான். அமுதசுரபி அவன் கைக்கு வர்றதும் இந்த ஊர்லதான். அந்தக் கதையில எனக்குப் பெருசா படுறது அந்த அட்சயபாத்திரம் இல்ல, அந்தக் கூப்பிடுறதுதான், யாவரும் வருகன்னு கூப்பிடுறான், ரேசன் கார்டு கேக்கல.

இப்ப 2022 செப்டம்பர் 15ம் தேதிக்கு வா. காலைச் சிற்றுண்டித் திட்டம் ஆரம்பிச்சது நம்ம நெல்பேட்டை கீழ அண்ணாத்தோப்புல ஆதிமூலம் மாநகராட்சி தொடக்கப்பள்ளியில. முதல்ல 1,545 பள்ளிக்கூடம், அடுத்த வருசம் 31 ஆயிரம் பள்ளிக்கூடத்துக்குப் போச்சு. ஒண்ணாப்புல இருந்து அஞ்சாப்பு வரைக்கும் அந்தப் பள்ளிக்கூடத்துல படிக்கிற எந்தப் பிள்ளையும் உக்காந்து சாப்பிடலாம், வருமானச் சான்றிதழ் கிடையாது, கையத் தூக்கச் சொல்றது கிடையாது. இது ஏன் பெருசுன்னு நான் சொல்றேன். எங்க காலத்துச் சத்துணவுல பசங்க தட்டைப் பைக்குள்ள புஸ்தகத்துக்கு அடியில ஒளிச்சுக் கொண்டு வருவாய்ங்க, ஏன்னா டிபன் பாக்ஸ் கொண்டு வர்றவன் ஒரு பக்கம் உக்காருவான், தட்டுக்காரன் இன்னொரு பக்கம். சோறு ஒண்ணுதான், ஆனா தட்டுச் சத்தம் கேட்டாலே யாரு வீட்டுல என்ன நிலைமைன்னு தெரிஞ்சுரும். சத்துணவு கோடிக்கணக்கான பிள்ளைகளைப் படிக்க வச்ச திட்டம், அதுல மறுபேச்சே இல்ல, நான் சொல்றது அந்தத் தட்டைப் பத்தி மட்டும்தான். எல்லாப் பிள்ளையும் உக்காந்து பொங்கல் சாப்பிட்டா தட்டு வெறும் தட்டாயிருது.

அதுக்காக எல்லாம் சரியாப்போச்சுன்னு சொல்லல. சமைக்கிற அம்மா இன்ன சாதின்னு பிள்ளைகளைச் சாப்பிட விடாம தடுத்த சேதி 2023லயே பேப்பர்ல வந்துச்சு. ஏற்பாடு சரியா இருந்தாலும் பெத்தவன் வீட்டுல என்ன சொல்லி அனுப்புறான்னு ஒண்ணு இருக்குல்ல.

இன்னொரு உதாரணம், மதுரை அண்ணா நகர் பக்கம் போறப்ப வர்றப்ப நீயே பாத்திருப்ப. டாக்டர் ஜி. வெங்கடசாமி கவர்மெண்ட் வேலைல ரிட்டயர்டு ஆகி 1976ல, 58 வயசுல, 11 படுக்கையோட அரவிந்த் கண் ஆஸ்பத்திரியை ஆரம்பிச்சாரு. முடக்குவாதத்துல விரல் எல்லாம் கோணிப்போன மனுசன் அந்தக் கையோட கண் ஆப்பரேசன் பண்ணவரு. எல்லாரும் அவரு தியாகத்தைப் பத்திப் பேசுவாங்க. நான் உன்னைப் பாக்கச் சொல்றது வாசலை. காசு கட்டுற பக்கம் போறதா, இலவசப் பக்கம் போறதான்னு வர்ற ஆளே முடிவு பண்ணிக்கலாம், நீ ஏழைதானா, எங்க காட்டுன்னு எவனும் கேக்குறதில்ல. அறை வசதி ரெண்டு பக்கமும் ஒண்ணா இருக்காது, அங்கிட்டு கட்டில்னா இங்கிட்டு பாய், ஆனா கண்ணுல கத்தி வைக்கிற டாக்டருங்க ரெண்டு பக்கமும் மாறி மாறி வர்றவங்கதான். லென்ஸ் வெளிநாட்டுல இருந்து வாங்குனா கட்டுப்படியாகலன்னு 1992ல ஆரோலாப்னு இங்கயே செய்ய ஆரம்பிச்சுட்டாங்க. நர்சு வேலை, டெக்னீசியன் வேலைக்குக் கிராமத்துல பன்னெண்டாப்பு முடிச்ச பொம்பளப் பிள்ளைகளை எடுத்து ரெண்டு வருசம் ட்ரெய்னிங் குடுத்து வச்சுக்கிறாங்க, அது கல்வி இல்லாம வேற என்ன? எங்க தெருவுல ஒரு பிள்ளை அப்படிப் போனது, முதல் சம்பளத்துல அது அப்பத்தாவுக்குக் கண்ணாடி வாங்கிக் குடுத்துச்சு, அந்தக் கிழவி அதைப் போட்டுக்கிட்டு ஊரெல்லாம் காட்டுச்சு.

இப்ப கொஞ்சம் கசப்பான விசயம். புறநானூறுல 183வது பாட்டு, ஆரியப்படை கடந்த நெடுஞ்செழியன் பாடுனது, நம்ம பாண்டிய ராசாதான். "பிற்றைநிலை முனியாது கற்றல் நன்றே"ன்னு ஸ்கூல் சுவத்துல எழுதி வச்சிருப்பாங்க. கீழ்ப்பால் ஒருத்தன் படிச்சா மேல்பால்ல இருக்குறவனும் அவன்கிட்ட வந்து நிப்பான்னு முடியுற பாட்டு, அந்த முடிவுக்கு நான் கையெடுத்துக் கும்பிடுவேன். நடுவுல ஒரு வரி இருக்கு, ஒரே வயித்துல பிறந்த பிள்ளைகள்ல கூட படிச்ச பிள்ளை பக்கம்தான் தாய் மனசே திரும்பும்ங்கிறாரு. ராசா உலகத்தை உள்ளபடி சொல்லிட்டாரு, பொய்யில்ல. ஆனா நம்ம பள்ளிக்கூடங்க இந்த வரியை மட்டும்தான் பிடிச்சுக்கிட்டு ரொம்ப வருசம் ஓட்டுச்சு. மார்க் எடுக்குறவன் முதல் பெஞ்சு, எடுக்காதவன் ஜன்னலோரம், பத்தாப்பு ரிசல்ட் கெட்டுப்போகும்னு ஒம்பதாப்புலயே டிசி குடுத்து அனுப்புறது, ஸ்டேட் ரேங்க் எடுத்த பிள்ளை போட்டோவை ஆளுயர ஃப்ளெக்ஸ் போடுறது. 2017ல கவர்மெண்ட்டு ரேங்க் லிஸ்ட் அறிவிக்கிறதை நிறுத்துனாங்க, நான் நல்லதுன்னு கைதட்டுனேன், சில தனியார் பள்ளிக்கூடத்துக்காரங்களுக்கு மட்டும் முகம் செத்துப்போச்சு. தாய் மனசே திரும்புற உலகத்துல திரும்பாம இருக்க ஒரு ஆளு வேணும், அதுக்குத்தான் வாத்தியாருக்குச் சம்பளம்னு நான் நெனைக்கிறேன்.

அடிக்கிறதையும் இதோட சேத்துக்க. 2009 கல்வி உரிமைச் சட்டத்துல 17வது பிரிவு உடம்பை அடிக்கிறதையும் மனசை அடிக்கிறதையும் ரெண்டையும் தடை பண்ணுது. எங்க பக்கம் பெத்தவுகளே வந்து "கண்ணை மட்டும் விட்டுட்டு தோலை உரிச்சிருங்க சார்"னு ஒப்படைச்சுட்டுப் போவாங்க, பாசத்துலதான் சொல்வாங்க. நானும் சர்வீஸ் ஆரம்பத்துல புளியம் விளாரு வச்சிருந்தவன்தான். பிரம்பைக் கீழ போடுறது ஈஸி, வாயைக் கட்டுறதுதான் கஷ்டம், "மாடு மேய்க்கப் போடா"ன்னு மாடு மேய்க்கிறவர் பிள்ளைகிட்டயே சொல்லிருவோம், அந்த அப்பன் தொழிலையும் சேத்து வையுறோம்னு உறைக்காது.

உசிலம்பட்டி பக்கம் வேலை பாத்ததால இதைச் சொல்லாம போக முடியாது. ரேகைச் சட்டம்னு அங்க பெருசுக சொல்லுவாங்க, வெள்ளைக்காரன் காலத்துக் குற்றப் பரம்பரைச் சட்டம். கள்ளர் மாதிரி ஒரு சாதியில பிறந்த ஆம்பளைக எல்லாரும் குற்றவாளின்னு கைரேகை எடுக்குறது, ராத்திரி ஆஜர் ஆகணும், வெளியூர் போனா சீட்டு வாங்கணும். அதை எதுத்து பெருங்காமநல்லூர்ல நின்னப்ப 1920 ஏப்ரல் 3ம் தேதி போலீஸ் சுட்டதுல 16 பேரு செத்தாங்க, அதுல மாயக்காள்னு ஒரு பொம்பள. அதே காலகட்டத்துலதான் அதே வெள்ளைக்கார சர்க்காரு கள்ளர் சீரமைப்புன்னு பள்ளிக்கூடங்களும் தொறந்துச்சு, மதுரை, தேனி, திண்டுக்கல்ல இன்னைக்கும் கிட்டத்தட்ட 300 பள்ளிக்கூடம் இருக்கு. ஒரு கையில ரேகை எடுத்துக்கிட்டு இன்னொரு கையில சிலேட்டு குடுக்குறது! உன்னைத் திருத்துறேன்னு ஆரம்பிக்கிற கல்வி அது, குடுக்குறவன் பார்வையில எதுத்தாப்ல இருக்குறவன் மனுசனா இல்ல, கேஸா இருக்கான். ஆனா பாரு, வாங்குன சனங்க அந்தச் சிலேட்டைத் தங்களோடதா ஆக்கிக்கிட்டாங்க, அந்தப் பள்ளிக்கூடத்துல படிச்சு வந்தவங்க எத்தனையோ வாத்தியாருக, ஆபீசருக, எனக்கு ஹெட்மாஸ்டரா இருந்த ஒருத்தரே அப்படி வந்தவருதான். 2023 பட்ஜெட்ல இந்தப் பள்ளிக்கூடங்களையும் ஆதிதிராவிடர் நலப் பள்ளிக்கூடங்களையும் பொதுக் கல்வித்துறையோட சேக்கப்போறதா அறிவிச்சப்ப அந்தப் பக்கம் எதிர்ப்பு கிளம்புச்சு. பேர்ல சாதி வேணாம்னு ஒரு நியாயம், எங்க தாத்தன் ரத்தத்துக்குக் கிடைச்ச ஒண்ணை ஏன் அழிக்கிறீகன்னு இன்னொரு நியாயம். என் சாய்வு முதல் பக்கம்தான், ஆனா ரெண்டாவதைப் பேசுறவங்களைச் சாதிவெறியன்னு ஒரே வார்த்தையில தள்ளிட்டுப் போறவன் ஹிஸ்டரி படிக்காதவன்.

பேர்ல இருந்து எடுத்தாலும் கையில இருந்து எடுக்கணுமே. கலர் கலரா கயிறு கட்டிக்கிட்டு வர்ற பயலுகளைப் பாத்திருப்ப, எந்தக் கலர் எந்தச் சாதின்னு அவிய்ங்களுக்குத் தெரியும், நமக்கும் தெரியும், தெரியாத மாதிரி போவோம். 2023ல நாங்குநேரில கூடப் படிக்கிற பயலுகளே ஒரு பையனைச் சாதியைச் சொல்லி வீடு புகுந்து வெட்டுன பிறகு அரசாங்கம் நீதிபதி சந்துரு தலைமையில ஒரு குழு போட்டுச்சு, 2024 ஜூன்ல அறிக்கை குடுத்தாரு, கயிறு கூடாது, பள்ளிக்கூடப் பேர்ல சாதி கூடாதுன்னு நிறைய சொல்லியிருக்காரு. பி.எட் படிக்கிற நீ அதைக் கட்டாயம் வாசிக்கணும், கைடைத் தூக்கிப் போட்டுட்டாவது வாசி.

சமூகம்னு கேட்ட பகுதிக்கு ஒரே உதாரணம் போதும். 1939 ஜூலை 8ம் தேதி மதுரை காங்கிரஸ்காரர் வைத்தியநாத ஐயர், சாதியைச் சொல்லிக் கோயிலுக்குள்ள விடாம வச்சிருந்தவங்கள்ல கக்கனையும் இன்னும் சிலரையும் கூட்டிக்கிட்டு மீனாட்சி கோயிலுக்குள்ள போனாரு. கக்கன் நம்ம மேலூர் தும்பைப்பட்டிக்காரரு. பின்னாடி மந்திரியா இருந்தவரு கடைசில கவர்மெண்ட் ஆஸ்பத்திரியில சாதாரண வார்டுல கிடந்தாருன்னு எல்லாரும் எளிமைக் கதையாச் சொல்லுவாங்க. எனக்கு அந்தக் கதையை விட 1939 கதைதான் பெருசு. ஏன்னா உள்ள போனது துணிச்சல், அன்னைக்கு இருந்த சட்டப்படி போனவங்க மேல கேஸ் போட்டு உள்ள தள்ளியிருக்கலாம். உடனே ராஜாஜி மந்திரிசபை அவசரச் சட்டம் கொண்டு வந்து, அப்பறம் அதைக் கோயில் நுழைவுச் சட்டமாவே ஆக்குச்சு. அந்தச் சட்டம் இல்லைன்னா அது ஒருநாள் கூத்தா முடிஞ்சிருக்கும். அதே மதுரை ஜில்லாவுல உத்தப்புரத்துல ஊருக்கு நடுவுல நின்ன சாதிச் சுவத்துல ஒரு பகுதியை 2008 மே மாசம்தான் இடிச்சாங்க, அதையும் மறந்துராத. ஏற்பாடு மாறுனாலும் அடுத்த தெருவுல பழைய ஏற்பாடு செங்கலும் சிமெண்டுமா நிக்கும்.

மனிதநேயம்னா நாத்திகமான்னு யாராவது கேட்டா ரொம்ப நேரம் மல்லுக்கட்டாத. பெரியாரும் வங்காளத்துச் சிந்தனையாளர் எம்.என். ராயும் கடவுளை வெளிய வச்சுட்டுப் பேசுனாங்க, வைத்தியநாத ஐயர் பக்திமான், வெங்கடசாமி அரவிந்தரைப் பின்பத்துனவரு, அந்தப் பேருதான் ஆஸ்பத்திரிக்கு. வழி வேற வேற, செஞ்ச வேலை ஒரே ஜாதி.

அந்தப் பையன் என்ன ஆனான்னு கேப்ப. நாலாம் நாள் நானே சைக்கிள்ல போயி அவன் வீட்டுத் திண்ணையில உக்காந்தேன், அவுக அம்மா தண்ணி குடுத்துச்சு, குடிச்சேன், மன்னிப்புன்னு வார்த்தை வாயில வரல, "நாளைக்கு வாடா"ன்னு மட்டும் சொன்னேன். வந்தான். அந்த வருசத்துல இருந்து ஃபார்மை நான் கிளாசுக்குக் கொண்டு போறதில்ல, எல்லாப் பசங்களையும் வருகைப் பதிவேடு வரிசையில ஒவ்வொருத்தனா ஆபீஸ் ரூமுக்குக் கூப்பிட்டு "அட்ரஸ் சரிபாக்கணும்"னு உக்கார வச்சு, தேவையான ஆளுக்கு ஃபார்மைக் குடுத்துருவேன். மூணு நாள் கூடுதலா ஆகும், ஹெட்மாஸ்டர் முணுமுணுப்பாரு. அம்புட்டுதான் செலவு.

டீச்சிங் பிராக்டிஸ் போறப்ப முதல் நாளே பாடத்துல இறங்காத. யாரு கூட்டுறா, தண்ணி டம்ளர் எத்தனை, டாய்லெட் சாவி யார்கிட்ட இருக்கு, கடைசி பெஞ்சு யாரு யாருன்னு சும்மா சுத்திப் பாரு, அந்தப் பள்ளிக்கூடத்துல மனிதநேயம் எம்புட்டு இருக்குன்னு அரை மணி நேரத்துல தெரிஞ்சுரும். பொம்பளப் பிள்ளைக மட்டும்தான் கூட்டுதுன்னா அதையும் குறிச்சுக்க. பிள்ளைக பேரைப் படிச்சுக்க, நம்பரைச் சொல்லிக் கூப்பிடாத. பேரைக் கேட்டதோட நிறுத்திக்க, நம்ம பக்கத்து ஆளுக பழக்கம் அப்பா பேரு என்ன, எந்த ஊரு, ஊர்ல எந்தத் தெருன்னு நூல் பிடிச்சுக்கிட்டே போறது, அந்த மூணாவது கேள்விக்கு என்ன அர்த்தம்னு ஒண்ணாப்புப் பிள்ளைக்குக் கூடத் தெரியும். பேச்சுக் குடுக்கணும்னு தோணுச்சுன்னா எந்த பஸ்சுல வர்றன்னு கேளு, கூட்டமா இருந்துச்சா, நின்னுக்கிட்டே வந்தியான்னு கேளு.